முன்னுரிமை கொடுத்தும் வீடியோ அழைப்பு திணறுகிறதா?

ரவுட்டரில் முன்னுரிமை கொடுத்த பிறகும் வீடியோ அழைப்பில் பேச்சு விட்டு விட்டுக் கேட்டால், அந்த முன்னுரிமை விதிகளைக் கிளறாதீர்கள். முதலில் ரவுட்டரில் உள்ள அப்லோடு வேக வரம்பை, அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாகக் குறைத்து வையுங்கள். கோத்தகிரியில் எங்கள் இணைப்பு பெயருக்கு 10 எம்பிபிஎஸ்; அளந்தால் 9.2. வரம்பை 8 ஆக்கியதும், புகைப்படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) 400 மில்லிவினாடியிலிருந்து 30க்கு இறங்கிவிட்டது.

அனுப்பக் காத்திருக்கும் தகவல்களின் வரிசை எங்கே நிற்கிறதோ அங்கேதான் முன்னுரிமைக்கு மதிப்பு. வரம்பு உண்மையான வேகத்தைத் தாண்டினால், பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) ரவுட்டரில் நிற்காமல் மோடத்தில் போய்த் தேங்குகின்றன. மோடத்துக்கு அழைப்பும் புகைப்படமும் ஒன்றுதான்.

விதியை மாற்றினால், ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பைத் துண்டித்து, மீண்டும் இணைத்துச் சோதியுங்கள். சில ரவுட்டர்களில் இயங்கும் பி.எஃப். (pf) போன்ற பாக்கெட் வடிகட்டி மென்பொருள்களில், முன்பே திறந்த தொடர்பு பழைய வரிசையிலேயே தொடரும். பலருடைய மாலைப்பொழுது வீணாவது இங்கேதான்.

மொபைல் டேட்டாவில் இது பலிக்காது. மே மாத சீசனில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கூட்டம் ஏற ஏற வேகம் மணிக்கு மணி மாறும். காலையில் வைத்த வரம்பு மாலைக்குப் பொருந்தாது.