பிரெஞ்சுக் கிராமத்தில் வீடு: கையெழுத்துக்கு முன்னும் பூட்டிய பின்னும் நேரும் தவறுகள்

க்ரூஸ், லிமூசன், பிரித்தானியின் உட்பகுதி என்று போனால், தோட்டமும் களஞ்சியமும் சேர்ந்த ஒரு பழைய கல்வீடு பாரிசில் ஒற்றை அறை விற்கும் விலைக்கும் கீழே கிடைக்கும். அந்த விலைதான் கண்ணை மறைக்கிறது. வாங்குபவர் லண்டனில் இருப்பார், ஆம்ஸ்டர்டாமில் இருப்பார், இல்லை பாரிசின் புறநகரில் பல்லாண்டு வாடகைக்கு இருந்த தமிழராக இருப்பார். வீடு ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். கெடுவதெல்லாம் பெரும்பாலும் வாங்கும்போது கேட்காமல் விட்ட கேள்வியால் கெடும், இல்லாவிட்டால் கிளம்பும் நாளில் மூடாமல் விட்ட குழாயால்.

கொம்ப்ரோமி என்பது நம் ஊர் அட்வான்ஸ் அல்ல

விற்பவரும் வாங்குபவரும் முதலில் போடும் ஒப்பந்தம் கொம்ப்ரோமி. 'இது ஆரம்பக் கையெழுத்துதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைப்பது முதல் தவறு. பதிவுத் தபாலில் ஒப்பந்தம் உங்கள் வாசலுக்கு முதன்முதலாக வந்த மறுநாளிலிருந்து 10 நாள் அவகாசம். அதற்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். இந்த உரிமை வாங்குபவருக்கு மட்டும்தான். 11ஆம் நாள் மனம் மாறினால், கட்டிய 5 முதல் 10 விழுக்காட்டு முன்பணம் போகும்.

தப்பிக்க ஒரே வழி, நிபந்தனைகளைக் கொம்ப்ரோமியிலேயே எழுதிவிடுவது. வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, களஞ்சியத்தை வீடாக்க அனுமதி வராவிட்டால் ரத்து என்று தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு சேர்க்கக் கேட்டால், ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் விற்பவருக்கு இல்லை.

சொத்துப் பத்திரத்தை எழுதிப் பதியும் சட்ட அலுவலர் நொத்தேர். விற்பவரின் நொத்தேரே போதும், தனியாக வைத்தால் செலவு கூடும் என்பது இன்னொரு தவறான எண்ணம். இரண்டு நொத்தேர் இருந்தால் ஒரே கட்டணத்தை அவர்களே பங்கிட்டுக்கொள்வார்கள், உங்களுக்குக் கூடுதல் செலவு கிடையாது. பழைய வீட்டுக்கு 'நொத்தேர் செலவு' என்று விலைக்கு மேல் 7 முதல் 8 விழுக்காடு ஒதுக்கி வையுங்கள். அதில் பெரும்பகுதி அரசுக்குப் போகும் வரி.

களஞ்சியம் கிராமத்து வீட்டின் பெரிய கனவு. மேலே இரண்டு அறை, கீழே சமையலறை என்று மனத்துக்குள் கட்டி முடித்துவிடுவார்கள். ஆனால் அது ஊரின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் விவசாய மண்டலத்தில் இருந்தால், அந்தக் கட்டடம் மாற்றத்துக்கு உரியது என்று பொதுவாகத் திட்டத்திலேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் மாவட்ட விவசாய நிலப் பாதுகாப்புக் குழுவும் சம்மதிக்க வேண்டும். விற்பனை முகவர் வாய்மொழியாகச் சொல்லும் 'ஆகும் ஆகும்' எதற்கும் உதவாது. 'செர்த்திஃபிகா தூர்பனிஸ்ம்' என்ற சான்றிதழைச் 'செயல்பாட்டு' வகையாகக் கேட்டு விண்ணப்பியுங்கள். பதிலுக்கு 2 மாதம் பிடிக்கும், பதில் 18 மாதம் செல்லும்.

நில வரைபடமான 'கதாஸ்த்ர்' வரி போடுவதற்கானது. அதில் இருக்கும் கோடு உங்கள் எல்லைக்குச் சான்றாகாது. எல்லையில் சந்தேகம் இருந்தால் பதிவு பெற்ற நில அளவையாளரை வைத்துக் கல் நட வேண்டும். பக்கத்து விவசாயியின் டிராக்டர் உங்கள் முற்றம் வழியாகப் போகும் உரிமை பத்திரத்தில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டி

கிராமத்தில் பல வீடுகளுக்குப் பொதுச் சாக்கடை கிடையாது. 'ஸ்பாங்க்' என்ற உள்ளாட்சிப் பிரிவு தொட்டியைச் சோதித்து அறிக்கை தரும். விற்பனையின்போது அந்த அறிக்கை 3 ஆண்டுக்குள் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். தொட்டி விதிப்படி இல்லை என்று அதில் இருந்தால், பத்திரம் முடிந்த ஓராண்டுக்குள் சரிசெய்யும் பொறுப்பு வாங்கியவர் தலையில். புதிதாகப் போட்டால் பத்தாயிரம் யூரோவைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே அந்த அறிக்கையைக் கொம்ப்ரோமிக்கு முன்பே வாங்கிப் படித்து, விலையில் கழிக்கச் சொல்ல வேண்டும். பத்திரத்தன்று நொத்தேர் மேசையில் முதன்முறையாகப் பார்த்துப் பயனில்லை.

புதுத் தொட்டி போடும்போது இன்னொரு தவறு நடக்கிறது. இடம் குறைவாக எடுக்கும் என்று 'மைக்ரோ ஸ்தாசியோன்' வகையை விற்பார்கள். அதற்குள் காற்றை ஊதும் மோட்டார் எப்போதும் ஓட வேண்டும், நுண்ணுயிர்களுக்குத் தொடர்ந்து தீனி வர வேண்டும். ஆண்டில் ஆறு வாரம் மட்டும் ஆள் இருக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது. கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் அத்தோடு தீர்ந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குச் சாதாரணத் தொட்டியும் மணல் வடிகட்டியும், அல்லது தேங்காய் நார் போன்ற பொருளால் ஆன கச்சிதமான வடிகட்டியும் ஏற்றவை.

தொட்டியின் அளவு ஐந்து முதன்மை அறை (கூடம், படுக்கையறை போன்றவை) வரைக்கும் குறைந்தது 3 கன மீட்டர், அதற்கு மேல் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கன மீட்டர் கூடுதல். அதன் காற்றுக்குழாய் 100 மி.மீ. விட்டத்தில் கூரைக்கு மேலே போக வேண்டும். பழைய வீடுகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நாற்றம் வீட்டுக்குள் வருவதும், கான்கிரீட் தொட்டியின் மேல்பகுதி அரிப்பதும் இதனால்தான். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் விடவே கூடாது, ஒரு கனமழையில் அடிவண்டல் கிளம்பி வடிகட்டியை அடைத்துவிடும். வடை பொரித்த எண்ணெயைச் சமையல் தொட்டியில் ஊற்றுவதும் அதே வேலையைச் செய்யும்.

வண்டல் தொட்டியின் பாதியை எட்டியதும் அரசு அங்கீகாரம் பெற்றவரை அழைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், ரசீதை வைத்திருக்க வேண்டும். காலியானவுடன் நல்ல தண்ணீரால் நிரப்பாமல் விட்டால், பிளாஸ்டிக் தொட்டி நிலத்தடி நீரின் அழுத்தத்தில் நசுங்கும், சில சமயம் மேலெழும்பியே வந்துவிடும்.

சுவருக்கு சிமெண்ட் பூசுவது

இந்த வீடுகளின் சுவர் 50 முதல் 70 சென்டிமீட்டர் தடிமன். கல்லை மண்ணாலோ சுண்ணாம்பாலோ கட்டியிருப்பார்கள், அடியில் ஈரம் தடுக்கும் படலம் ஏதும் இருக்காது. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறி, இருபுறமும் ஆவியாகிப் போகும்படிதான் அது இத்தனை காலம் நின்றிருக்கிறது. வெளியே சிமெண்ட் பூச்சு, உள்ளே பாலித்தீன் தாளும் கண்ணாடிப் பஞ்சும் ஜிப்சம் பலகையும் வைத்தால் ஈரம் போக வழியில்லாமல் மேலே மேலே ஏறும். உப்புப் பூக்கும், சுவருக்குள் புதைந்த உத்திரத்தின் முனை அழுகும். பிரித்தானி, நார்மண்டிப் பக்கம் 'மெரூல்' என்ற மரப்பூஞ்சை பிடித்தால் தரைப்பலகை முதல் கூரைச் சட்டம் வரை வெட்டி எறிய வேண்டிவரும்.

சிமெண்டைத் தட்டி எடுத்துவிட்டுச் சில மாதம் சுவரைக் காயவிட வேண்டும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். மூட்டையில் இயற்கை நீரியல் சுண்ணாம்பைக் குறிக்கும் 'என்.எச்.எல். 2' அல்லது '3.5' என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் 'எச்.எல்.' என்றிருந்தால் அதில் சிமெண்ட் கலந்திருக்கலாம். பூசுமுன் கல்லை நன்றாக நனைக்க வேண்டும். 5 பாகைக்குக் கீழே குளிர் இருந்தாலும், கொளுத்தும் வெயிலிலும் பூசினால் உதிரும். நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை, ஆனால் உள்ளூர்க் கொத்தனாரே சிமெண்டோடு வந்து நிற்பதுண்டு.

ஈரத்துக்கு அஞ்சிச் சுவரை ஒட்டி ஆழமாக வாய்க்கால் தோண்டுவதும் ஆபத்து. இந்த வீடுகளின் அஸ்திவாரம் ஆழமில்லாதது; அதன் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் சுவர் இறங்கும். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித் தோண்டுங்கள். அதற்கும் முன் கூரைநீர்க் குழாயைச் சரிபாருங்கள், பாதி 'நிலத்தடி ஈரம்' அங்கிருந்துதான் ஒழுகுகிறது.

மெரிக்குச் சொல்லாமல் செய்யும் வேலைகள்

ஊருக்கு வெளியே ஒதுங்கிய வீடு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வரித்துறை வான்வழிப் படங்களில் கணினியை விட்டு நீச்சல் குளங்களைத் தேடிப் பிடிக்கிறது. சன்னலை மாற்றுவது, கதவுப் பலகையின் நிறத்தை மாற்றுவது, 5 முதல் 20 சதுர மீட்டர் வரை கூடுதலாகக் கட்டுவது எல்லாவற்றுக்கும் ஊராட்சி அலுவலகமான மெரியில் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்; பதிலுக்கு ஒரு மாதம். 20 சதுர மீட்டருக்கு மேல் பொதுவாகக் கட்டட அனுமதி தேவை. பழைய தேவாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னம் 500 மீட்டருக்குள் இருந்தால் அரசுக் கட்டடக்கலைஞரின் ஒப்புதலும் வேண்டும், காத்திருப்பு ஒரு மாதம் கூடும்.

மூடப்படாத நீச்சல் குளம் 10 முதல் 100 சதுர மீட்டர் வரை என்றால் முன்னறிவிப்பு போதும். வேலி, எச்சரிக்கை மணி, மூடி, கூடாரம் இவற்றில் ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் அபராதம் 45,000 யூரோ வரை. புதிதாகக் கட்டியதையும் விரிவாக்கியதையும் வேலை முடிந்த 90 நாளுக்குள் வரித்துறைக்குச் சொல்ல வேண்டும்.

வேலைக்கு வருபவரிடம் தொழில் பதிவு எண்ணான சிரேத் எண்ணையும், பத்தாண்டுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றையும் தொடங்கும் முன்பே கேளுங்கள். சான்றில் அவர் செய்யப்போகும் வேலையின் பெயரே இருக்க வேண்டும். ஓடு போடும் காப்பீடு உள்ளவர் குழாய் பதித்தால் அது செல்லாது. ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால், விற்கும்போது லாப வரியில் அந்தச் செலவைக் கழிக்கவும் முடியாது.

குளிர்காலத்துக்குப் பூட்டிவிட்டுப் போகும்போது

'ஹீட்டரை 8 பாகையில் விட்டுவிட்டேன், உறையாது' என்று நிம்மதியாகப் போகிறார்கள். ஜனவரிப் புயலில் மரம் விழுந்து கிராமத்து மின்சாரம் இரண்டு நாள் போனால் அந்த 8 பாகையும் போகும். நீர்க்குழாயை வடித்துவிடுவதே பாதுகாப்பு.

வெந்நீர்த் தொட்டியின் மின்சாரத்தை முதலில் அணையுங்கள். தண்ணீரில்லாத தொட்டியில் மின்சாரம் ஓடினால் சூடேற்றும் கம்பி எரிந்துவிடும். அடுத்து மீட்டர் பக்கத்து வால்வை மூடி, மேல்மாடியிலிருந்து கீழ்வரை எல்லாக் குழாயையும் திறந்து, கடைசியாகத் தாழ்வான வடிகாலைத் திறக்க வேண்டும். வெந்நீர்த் தொட்டியை அதன் அடியிலுள்ள பாதுகாப்பு வால்வு வழியாக வடிக்கலாம். அப்போது ஒரு வெந்நீர்க் குழாய் திறந்திருந்தால்தான் காற்று உள்ளே போகும், 200 லிட்டர் வடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கழிப்பறைத் தொட்டியையும் துணிதுவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டியையும் மறக்க வேண்டாம்.

சிங்க், ஷவர், கழிப்பறை வளைகுழாய்களில் உள்ள தண்ணீரை மட்டும் காலி செய்யாதீர்கள், கழிவுத்தொட்டி வாயு அறைக்குள் ஏறும். அவற்றில் புரோப்பிலீன் கிளைக்கால் வகை உறைதடுப்பானை ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் வகை நச்சு. மீட்டர் குழியில் வைக்கோலோ பழந்துணியோ திணிப்பது பழைய வழக்கம். அவை ஈரத்தை உறிஞ்சி உறைவதால் பாலிஸ்டைரீன் துண்டே நல்லது.

திரும்பி வந்ததும் வால்வை மெதுவாகத் திறந்து, குழாய்களில் காற்றுச் சத்தம் அடங்கி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே மின்சாரம்.

இதையும் மீறி மீட்டருக்கு அப்பால் குழாய் கசிந்து பெரிய பில் வந்தால், 2012ஆம் ஆண்டின் அரசாணை ஒரு கதவு திறக்கிறது. தண்ணீர் நிறுவனம் உங்களுக்குத் தெரிவித்த ஒரு மாதத்துக்குள், கசிவைச் சரிசெய்த பிளம்பரின் சான்றை அனுப்பினால், சராசரிப் பயன்பாட்டின் இரு மடங்குக்கு மேல் கட்டத் தேவையில்லை. நிலத்தடிக் குழாய்க்கு இது பொருந்தும். ஒழுகும் கழிப்பறைத் தொட்டிக்கும் வெடித்த வெந்நீர்த் தொட்டிக்கும் பொருந்தாது.

காப்பீட்டில் இரண்டு இடத்தைப் படியுங்கள்: எத்தனை நாள் ஆளில்லாவிட்டால் திருட்டுக்கான காப்பு நிற்கும், குளிர்காலத்தில் தண்ணீரை மூடி வடிக்காவிட்டால் உறைவுச் சேதத்துக்குப் பணம் உண்டா. அறை எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லியிருந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

மின்சாரமும் விறகும்

பழைய பண்ணைவீட்டில் கெட்டில் போட்டதும் மின்சாரம் போகிறதென்றால் மும்முனை இணைப்பா என்று பாருங்கள். 9 கே.வி.ஏ. மின்திறன் ஒப்பந்தம் மும்முனையில் மூன்றாகப் பிரிந்து ஒவ்வொரு முனைக்கும் 15 ஆம்பியர்தான் தரும். வெந்நீர்த் தொட்டியும் அடுப்பும் ஒரே முனையில் இருந்தால் மின்சாரம் போகத்தான் செய்யும். சுமையைச் சரியாகப் பிரிக்கலாம், அல்லது ஒருமுனை இணைப்புக்கு மாறலாம்.

விறகை 'ஸ்தேர்' கணக்கில் விற்பார்கள். ஒரு மீட்டர் நீளக் கட்டையாக அடுக்கினால் ஒரு ஸ்தேர் ஒரு கன மீட்டர். அதையே 50 சென்டிமீட்டராக வெட்டினால் 0.8, 33 ஆக வெட்டினால் 0.7 கன மீட்டரில் அடங்கிவிடும். ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகுமுன் இதை நினைவில் வையுங்கள். ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் புகைபோக்கியில் தார் படியும், தீப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைச் சுத்தம் செய்த சான்று வேண்டும், விறகடுப்புக்குப் பல மாவட்டங்களில் இரண்டு முறை.

வரி, விசா, வாரிசு

குடியிருப்பு வரி 2023இல் எடுக்கப்பட்டது முதன்மை வீட்டுக்கு மட்டும். விடுமுறை வீட்டுக்கு அது தொடர்கிறது. யார் குடியிருக்கிறார் என்பதை வரித்துறைத் தளத்தில் பதிந்து, மாறினால் ஜூலை 1க்கு முன் திருத்த வேண்டும். தவறினால் வீட்டுக்கு 150 யூரோ அபராதம்.

வீடு இருப்பதால் வசிப்புரிமை வந்துவிடாது. பிரிட்டன், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு, நீண்டகால விசாவோ வசிப்பு அட்டையோ இல்லாவிட்டால், எந்த 180 நாளிலும் 90 நாள்தான். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அதற்கும் ஷெங்கன் விசா வேண்டும்.

பிள்ளைகளைச் சொத்திலிருந்து விலக்கப் பிரெஞ்சுச் சட்டம் விடாது: ஒரு பிள்ளைக்குப் பாதி, இருவருக்கு மூன்றில் இரண்டு, மூவருக்கும் அதற்கு மேலும் நான்கில் மூன்று பங்கு கட்டாயம். கணவன் மனைவிக்கு வாரிசு வரி இல்லை. ஆனால் திருமணமோ பதிவு செய்த இணைவாழ்வு ஒப்பந்தமோ இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கு 1,594 யூரோ போக மீதிக்கு 60 விழுக்காடு வரி. இருவரில் மிஞ்சியவருக்கே வீடு முழுதும் சேரும் என்ற 'தொந்தீன்' பிரிவு இருக்கிறது. அதை வாங்கும் பத்திரத்திலேயே எழுத வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. அதனால் இந்தப் பேச்சை நொத்தேரிடம் கொம்ப்ரோமிக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.