‘ஓகே’ அனுப்புவதற்கு முன்: மலேசியாவில் ஒரு பேச்சு எப்போது ஒப்பந்தமாகிறது?

செந்தூலில் ஒரு வீடு. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: “மூன்றாம் மாடி, மாதம் 1,500 வெள்ளி, ஒரு வருடம், அடுத்த மாதம் முதல் தேதி சாவி, இரண்டு மாத டெபாசிட்.” நீங்கள் “சரிங்க, எடுத்துக்கிறேன்” என்று பதில் போடுகிறீர்கள். கையெழுத்து இல்லை, சாப் இல்லை, காசும் இன்னும் கை மாறவில்லை. இரண்டு நாள் கழித்து பிரிக்பீல்ட்ஸில் இதைவிட நல்ல வீடு கிடைக்கிறது. ‘அக்ரிமெண்ட் போடலையே’ என்று விலகிவிடலாமா?

பெரும்பாலும் முடியாது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எழுத்தையோ கையெழுத்தையோ பொதுவான நிபந்தனையாக வைக்கவில்லை. அதன் 10ஆவது பிரிவு கேட்பவை வேறு: இருவரும் மனமொத்துச் சம்மதித்திருக்க வேண்டும், இருவரும் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், பிரதிபலனும் (ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் தருவது) நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும், செல்லாது என்று சட்டமே ஒதுக்கிய வகையாக அது இருக்கக்கூடாது. இவை கூடிவிட்டால் வாய்ப்பேச்சும் கட்டும். ஆகவே பேரம் பேசும்போது கவனிக்க வேண்டியது, எந்தச் செய்தி முன்மொழிவு, எந்தச் செய்தி ஏற்பு என்பதுதான். ஏற்பு முடிந்துவிட்ட பிறகு முன்மொழிவைத் திரும்பப் பெற முடியாது.

முதலில் முன்மொழிவைக் கண்டுபிடியுங்கள்

விளம்பரம், கடையில் ஒட்டிய விலை, முகநூலில் போட்ட படம் ஆகியவை பொதுவாக முன்மொழிவு ஆகாது. ‘வந்து பேசுங்கள்’ என்ற அழைப்பு மட்டுமே. கொட்டேஷனும் அப்படித்தான். புத்தக அச்சடிப்பு தொடர்பான பிரஸ்டன் கார்ப்பரேஷன் வழக்கில் (1982) கொட்டேஷன் என்பது விலையைத் தெரிவிக்கும் தகவல்தான், வாடிக்கையாளர் கொடுத்த ஆர்டரே முன்மொழிவு என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது.

நடைமுறையில் இதைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்க விலை கேட்டீர்கள், அச்சகம் கொட்டேஷன் அனுப்பியது, நீங்கள் ஆர்டர் போட்டீர்கள். அச்சகம் ‘கன்ஃபர்ம்’ என்று சொல்லும் வரை நீங்கள் பின்வாங்கலாம், அச்சகமும் மறுக்கலாம். ஆனால் கொட்டேஷனின் அடியில் “14 நாள் வரை இந்த விலை, கையெழுத்திட்டு அனுப்பினால் உறுதி” என்று இருந்தால் கதை மாறும். அந்தத் தாளே முன்மொழிவாகிவிடலாம்; உங்கள் கையெழுத்து அதற்கு ஏற்பாகிவிடும். தாளின் தலைப்பு எப்படி இருந்தாலும் கடைசி இரண்டு வரிகளை வாசிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

ஏற்பு என்றால் முழு ஏற்பு

7ஆவது பிரிவுப்படி ஏற்பு நிபந்தனையின்றி, முழுதாக இருக்க வேண்டும். “1,500 சரி, ஆனால் ஏர்கோன் நீங்கள்தான் மாற்றித் தர வேண்டும்” என்பது ஏற்பு அல்ல, புதிய முன்மொழிவு. அதோடு பழையது விழுந்துவிடும். வீட்டுக்காரர் ‘முடியாது’ என்ற பிறகு நீங்கள் “சரி, பழையபடியே எடுத்துக்கிறேன்” என்றால் அவர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் நியாயம் கேட்க வழியில்லை. இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு: நிபந்தனையாக வைக்காமல் கேள்வியாகக் கேளுங்கள். “ஏர்கோன் சர்வீஸ் செலவு யாருடையது?” என்று கேட்பதால் அவருடைய முன்மொழிவு சாகாது.

மௌனம் சம்மதம் ஆகாது. “மூன்று நாளில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வோம்” என்று ஒருவர் எழுதினால், நீங்கள் சும்மா இருப்பதால் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் செயல் சம்மதமாகும். சாவியை வாங்கிக் குடியேறுவது, வந்த சரக்கைக் கடையில் அடுக்கி விற்பது, கேட்ட வேலையைத் தொடங்கிவிடுவது எல்லாம் வாய் திறக்காமலே சொல்லும் ‘சரி’தான்.

எந்தக் கணம் என்பதைச் சட்டம் நுணுக்கமாகவே பிரித்திருக்கிறது. தபாலில் அனுப்பும் ஏற்பு, அதைத் தபாலில் சேர்த்த கணமே முன்மொழிந்தவரைக் கட்டும். அனுப்பியவரைக் கட்டுவதோ, அது எதிராளியின் கவனத்துக்கு வரும்போது (4ஆவது பிரிவு). இக்னேஷியஸ் வழக்கில் (1913) நிலம் வாங்கும் உரிமையைப் பயன்படுத்த 1912 ஆகஸ்ட் 20 கடைசி நாள். கடிதம் கிள்ளானில் 16ஆம் தேதி தபாலில் சேர்க்கப்பட்டது; எதிராளியின் கைக்குப் போனது 25ஆம் தேதி. தபாலில் சேர்த்தபோதே ஏற்பு முடிந்தது, எனவே காலத்துக்குள் வந்ததுதான் என்று தீர்ப்பானது. ஏற்புக் கடிதம் அனுப்பிவிட்டு மனம் மாறினால், கடிதம் போய்ச் சேருவதற்கு முன் போனிலோ மின்னஞ்சலிலோ ‘ரத்து’ என்று சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு வழியில்லை.

வாட்ஸ்அப், மின்னஞ்சல் விஷயத்தில் 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் தெளிவாக இருக்கிறது: மின்செய்தி வழியாக நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது. செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றாலே ஒப்பந்தம் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்; நீலக் குறி வரும் வரை அவகாசம் இருப்பதாக எண்ண வேண்டாம்.

முன்பணம் கொடுக்காவிட்டால் தப்பிக்கலாமா?

முடியாது. பிரதிபலன் என்பது ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை. ‘நான் வாடகை தருகிறேன், நீ வீடு தருகிறாய்’ என்ற இரு வாக்குறுதிகளே ஒன்றுக்கொன்று பிரதிபலன். விலை குறைவு என்பதும் விடுதலை தராது. பாங் ஸ்வீ கிம் வழக்கில் (1964), மதிப்பு பல மடங்கு அதிகமான நிலத்தை 500 வெள்ளிக்கு விற்க ஒப்புக்கொண்டது செல்லும் என்றே கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. ஆனால் சம்மதமே மிரட்டலில் வந்ததா என்று பார்க்கும்போது, அநியாயக் குறைந்த விலையை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள்.

எதுவும் திரும்பக் கிடைக்காத வெறும் வாக்கு கட்டாது. மாமா கல்யாணத்தில் எல்லோர் முன்னிலையிலும் “கடையை உனக்கே தந்துடறேன்” என்று சொன்னது வழக்காகாது. 26ஆவது பிரிவு சில விலக்குகள் தருகிறது: நெருங்கிய உறவினருக்கிடையே பாசத்தால் எழுத்தில் எழுதி, பதிவு தேவைப்படும் இடத்தில் பதிந்தது, ஏற்கெனவே தானாக உதவி செய்தவருக்கு ஈடு தருவதாகச் சொன்னது, காலாவதியான கடனைக் கட்டுவதாகக் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தது. கடைசி விலக்கைக் கவனியுங்கள். பழைய கடனுக்காக யாராவது ‘சும்மா ஒரு கையெழுத்து’ கேட்டால் செத்துப்போன கடனுக்கு உயிர் வந்துவிடும்.

அதிகம் கவிழ்வது எங்கே: தெளிவின்மை

மேலே சொன்ன எல்லாம் இருந்தும் ஒப்பந்தம் உதிரும் இடம் இது. பொருள் தெளிவாகாத உடன்பாடு செல்லாது என்கிறது 30ஆவது பிரிவு. கருப்பன் செட்டி வழக்கு (1916) இதற்கு நம்மவர் பெயரிலேயே நிற்கும் முன்னுதாரணம்: மாதம் 35 டாலர், ‘அவர் விரும்பும் காலம் வரை’ குத்தகை என்று பேசியிருந்தார்கள். வாடகை தெளிவு, காலம் தெளிவில்லை, ஆகவே செல்லாது. இன்றும் கடை வாடகைப் பேச்சில் “எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க” என்ற வாக்கியத்தை நம்பி ஆயிரக்கணக்கில் ரெனவேஷன் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தைக் காப்பாற்ற ஒரே வழி, காலத்தை எண்ணாக எழுதி வாங்குவது: இரண்டு வருடம், அதற்குப் பிறகு இரண்டு வருட நீட்டிப்பு, நீட்டிப்புக் கால வாடகை இவ்வளவு. ‘நீட்டிப்பு வாடகை அப்போது பேசிக்கொள்ளலாம்’ என்றால் அந்த நீட்டிப்பே கேள்விக்குறி.

கல்யாணச் சமையலுக்கும் இதே அளவுகோல். தேதி, நேரம், இடம், இலைக்கு எத்தனை வெள்ளி, குறைந்தபட்சம் எத்தனை இலை, வகைகளின் பெயர், பரிமாற ஆள் யார் பொறுப்பு, எண்ணிக்கையை மாற்றக் கடைசி நாள் எது, ரத்தானால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும். ‘பார்த்துப் பண்ணிக்கலாம்’ என்று விடும் ஒவ்வொரு இடமும் பிறகு சண்டை வரும் இடம்.

இன்னும் கட்டுப்பட விருப்பமில்லையா? அதை எழுதுங்கள்

பேச வேண்டும், ஆனால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றால் ஒவ்வொரு செய்தியிலும் இப்படி ஒரு வரி சேருங்கள்: “இருவரும் முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை இது எவரையும் கட்டுப்படுத்தாது.” வக்கீல்கள் ‘சப்ஜெக்ட் டு காண்ட்ராக்ட்’ என்று போடுவது இதைத்தான். வங்கிக் கடன் கிடைத்தால்தான் வாங்க முடியும் என்றால் அதையும் நிபந்தனையாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: எத்தனை நாளுக்குள், எவ்வளவு கடன், கிடைக்காவிட்டால் முன்பணம் முழுதும் திரும்ப.

பழைய வீடு வாங்கும்போது ஏஜெண்ட் நீட்டும் ஆஃபர் கடிதத்தில் இது முக்கியம். வழக்கமாக விலையில் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம், 14 நாளில் விற்பனை ஒப்பந்தம், அப்போது மொத்தம் 10 விழுக்காடு. ‘இது வெறும் புக்கிங்’ என்ற நம்பிக்கையில் கையெழுத்திடுகிறார்கள். சார்ல்ஸ் கிரேனியர் வழக்கில் (1996), முறையான விற்பனை ஒப்பந்தம் பிறகு வரும் என்று கடிதம் சொன்ன நிலையிலும், முக்கிய விவரங்கள் எல்லாம் பேசி முடிந்திருந்ததால் ஒப்பந்தம் ஏற்கெனவே உண்டாகிவிட்டது என்று கூட்டரசு நீதிமன்றம் முடிவு செய்தது. நிபந்தனை வரி இருந்தால் மட்டும் போதாது. அது ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும்.

எழுத்து கட்டாயமான இடங்கள்

கார் வாங்கும் ஹையர் பர்ச்சேஸ் எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். மூன்று வருடத்துக்கு மேற்பட்ட நிலக் குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். மூன்று வருடம் வரையிலான வாடகையை வாயாலும் பேசலாம். ஆச்சரியப்படுத்தும் ஒன்று: ஜாமீன் நிற்பதற்கு எழுத்து தேவையில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 79ஆவது பிரிவு வாய்வழி உத்தரவாதத்தையும் ஏற்கிறது. “அவன் தராட்டி நான் தர்றேன்” என்று நண்பனுக்காக விளையாட்டாகக்கூடச் சொல்லாதீர்கள்.

கையெழுத்து இருந்தும் செல்லாதவை

18 வயது நிரம்பாதவரோடு செய்தது பொதுவாகச் செல்லாது. கல்வி உதவிச் சம்பளம் போன்ற சில விலக்குகள் உண்டு. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விட்டால் அந்தக் கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் அமலாக்க முடியாது. நண்பருக்குக் கொடுத்த கடனானாலும் வட்டி வைத்திருந்தால், ஒரே ஒரு கடனே வட்டித் தொழில் என்ற அனுமானத்தை எழுப்பும். நண்பருக்குக் கடன் தந்தால் தந்த தொகையையே திருப்பி வாங்குவதாக எழுதுங்கள். ‘வேலையை விட்டால் இரண்டு வருடம் இதே தொழில் செய்யக்கூடாது’ என்ற நிபந்தனையும் 28ஆவது பிரிவில் விழுந்துவிடும். கோத்தா பாருவில் ஐந்து மைல் சுற்றளவில் இரண்டு வருடம் என்ற தடையையே 1964இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. சலூனிலும் ஒட்டுக்கடையிலும் வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகள் இதற்குப் பயந்து நிற்கத் தேவையில்லை.

மிரட்டல், ஏமாற்று, தவறான தகவல் ஆகியவற்றால் வாங்கிய சம்மதம் வேறு வகை. அது தானாகச் செல்லாமல் போகாது. ஏமாந்தவர் ரத்து செய்ய வேண்டும். தெரிந்த பிறகும் பணத்தைக் கட்டிக்கொண்டே இருந்தால் அந்த உரிமை கரையும்.

முத்திரையும் சான்றும்

முத்திரை வரி கட்டாததால் ஒப்பந்தம் சாகாது. ஆனால் முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் செலுத்துங்கள். வருட வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு முன்பு இருந்த விலக்கு 2025 முதல் இல்லை: வருட வாடகையின் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஒரு வருடம் வரையான காலத்துக்கு 1 வெள்ளி, மூன்று வருடம் வரை 3 வெள்ளி. மாதம் 1,500 என்றால் வருடம் 18,000. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 72 வெள்ளி, இரண்டு வருடத்துக்கு 216 வெள்ளி. இதை யார் கட்டுவது என்பதையும் பேச்சிலேயே முடியுங்கள்.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், அதற்கு முரணான வாய்ப்பேச்சைச் சான்றுச் சட்டத்தின் 92ஆவது பிரிவு பொதுவாக உள்ளே விடாது. ஏஜெண்ட் வாயால் தந்த வாக்குறுதிகளைக் கையெழுத்துக்கு முன் தாளில் ஏற்ற வேண்டியது அதனால்தான். வாட்ஸ்அப் பேச்சை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாக விடாமல் முழு உரையாடலாக ஏற்றுமதி செய்து வையுங்கள். எண், தேதி, நேரம் தெரிய வேண்டும். பழைய போனையும் தூக்கிப் போடாதீர்கள்.

பொருள், சேவை தொடர்பான சண்டைக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: 50,000 வெள்ளி வரை, மூன்று வருடத்துக்குள், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. சமையல்காரர், அச்சகம், மண்டப அலங்காரம் எல்லாம் இங்கே போகலாம். வீட்டு வாடகை டெபாசிட் போகாது, அது நிலம் சார்ந்த விஷயம்; அதற்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போடப் பொதுவாக ஆறு வருட அவகாசம் உண்டு. வழக்குக்குப் போகும் முன்பே, தேதி போட்ட ஒரு கோரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஒப்பந்தத்தோடு சேர்த்து வையுங்கள்.