பழைய பாய்மரப் படகா? கழிப்பறைக் கதவை மூடிப் பாருங்கள்

பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகில், பாய்மரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கழிப்பறைக் கதவு மேல்சட்டத்தில் உரசுகிறதா? பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் டர்ன்பக்கிளை (கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் திருகும் இணைப்பு), இரு பக்கமும் சமமாக, சுற்றை எண்ணிக்கொண்டே கொஞ்சம் தளர்த்துங்கள். இப்போது கதவு இலேசாக மூடினால், கோளாறு கதவில் இல்லை; பெரும்பாலும் பாய்மரத்தின் பாரத்தைத் தாங்கும் உள்தூணின் அடியில்தான்.

1970, 80களில் வந்த பல படகுகளில் பாய்மரம் மேல்தளத்தின் மீதே நிற்கும். அந்தப் பாரம் உள்ளே இருக்கும் தூண் வழியாகப் படகின் அடியில் உள்ள மரக்கட்டைக்கு இறங்குகிறது. அங்கே தேங்கும் தண்ணீரில் கட்டை ஊறி மட்கினால் தூண் இறங்கும், மேல்தளம் தாழும், கதவுச் சட்டம் நெரிபடும்.

அப்புறம் தரைப்பலகையைத் தூக்கி, கட்டையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையை உள்ளே விடாது. மட்கியது நனைந்த ரஸ்க் போலப் பொதபொதவென்று விட்டுக்கொடுக்கும். நன்றாக இருந்தால் தண்ணீர் வடியும் துளையை மட்டும் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய செலவை மிச்சப்படுத்துவது அந்தச் சின்னத் துளைதான்.

பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்து அடிவரை இறங்கும் படகுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. கம்பியைத் தளர்த்தியும் கதவு அப்படியே உரசினால், ஈரத்தில் உப்பிய கதவாகவும் இருக்கலாம். காற்று அடிக்கும்போது கம்பியைத் தொடவே வேண்டாம்.