வெயிலில் நேரலை: ரக்கட் மடிக்கணினியைச் சூடேறாமல் காப்பது எப்படி

கும்பாபிஷேகத்தில் கலசத்தின் மீது புனித நீர் ஊற்றப்படும் நேரம் சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. வழக்கப்படி அது மீண்டும் வர 12 ஆண்டுகள் ஆகும். சில ஆண்டுகளுக்கு முன், சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமக் கோயிலில், அந்த நிமிடங்களில்தான் எங்கள் நேரலை நின்றுபோனது. நாதஸ்வரமும் தவிலும் தடையின்றிக் கேட்டுக்கொண்டிருக்க, படம் மட்டும் விட்டுவிட்டு நகர்ந்து, பிறகு அப்படியே உறைந்துவிட்டது. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்களின் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கியபோது, சிக்னல் கோளாறு என்று எண்ணி நாங்கள் சிம் கார்டை மாற்றிக்கொண்டிருந்தோம். தற்செயலாக மடிக்கணினியின் விசைப்பலகைக்கு மேற்புறம் கை பட்டபோதுதான் காரணம் தெரிந்தது; தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. தூசியும் மழையும் தாங்கும் ரக்கட் வகைக் கணினி என்ற நம்பிக்கையில், காலை முதலே அதை மொட்டை மாடியில் திறந்த வெயிலில் வைத்திருந்தோம்.

ரக்கட் என்பதற்கு வெயில் தாங்கும் என்று பொருள் கொள்வதுதான் முதல் தவறு. சாதாரண மடிக்கணினிகளை 35 டிகிரி வரையிலான சூழலில் இயக்கலாம் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுவது வழக்கம். ரக்கட் வகைகளில் சிலவற்றுக்கு 60 டிகிரி வரை அனுமதி உண்டு. ஆனால் அந்த எண் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையைக் குறிக்கிறதே தவிர, நேரடி வெயிலைக் குறிப்பதில்லை. விளம்பரங்களில் காணப்படும் மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் உயர் வெப்பநிலைக்கு 501 என்றும் சூரியக் கதிர்வீச்சுக்கு 505 என்றும் தனித்தனிச் சோதனைகள் உள்ளன. முதலாவதில் தேறிய கருவி இரண்டாவதிலும் தேறியதாக ஆகாது. மேலும், தூசியும் நீரும் புகாதபடி அடைக்கப்பட்ட உடலுக்குள் காற்று தாராளமாகப் போய்வர இயலாது. உள்ளே பிறக்கும் சூட்டில் பெரும்பகுதி உலோக உடல் வழியாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த உடலே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தால், சூடு வெளியேற வழியில்லாமல் போகிறது.

வெயிலின் கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். தெளிந்த வானில் உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் ஆற்றல் விழுகிறது. 14 அங்குல மடிக்கணினியின் பரப்பு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கொண்டாலும், 80 வாட்டுக்கு மேல் அதன்மீது விழுகிறது. கறுப்பு உடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. நேரலையின்போது பிராசஸர் தானே உண்டாக்கும் சூடு பெரும்பாலும் 28 முதல் 45 வாட் வரைதான். அதாவது, கணினியின் வேலையைவிட வெயிலே அதை அதிகம் சூடாக்குகிறது. இதனால்தான், எந்த ஃபேன் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், முதலில் நிழலுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்கிறேன்.

நிழலிலும் தரம் உண்டு. தகரக் கூரையும் நீலத் தார்ப்பாயும் வெயிலை மறைத்தாலும், தாங்களே சூடாகி அந்தச் சூட்டைக் கீழே உமிழ்கின்றன. அவற்றின் கீழ் அரை மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். தென்னங்கீற்றுப் பந்தல் எல்லாவற்றிலும் சிறந்தது, ஏனெனில் அது நிழலும் தருகிறது, இடையே காற்றையும் விடுகிறது. விழாக் குழுவினர் பந்தல் போடும்போதே, நேரலை மேசைக்கு வடக்குப் பார்த்த ஒரு மூலையைக் கேட்டுப் பெறுங்கள். சாமியானாதான் கிடைக்கும் என்றால், அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு துணிகளுக்கு இடையிலுள்ள காற்று சூட்டைத் தடுத்துவிடும். சூரியன் நகர நகர நிழலும் நகரும் என்பதால், முகூர்த்த நேரத்தில் நிழல் எங்கே விழும் என்பதை முந்தைய நாள் அதே நேரத்தில் நின்று பார்த்து, அந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுவிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. மேசை எதுவாயினும், ஜெனரேட்டரின் புகையும் வெப்பமும் காற்றோடு வந்து சேராத பக்கத்தில் இருக்க வேண்டும்.

மேசை விரிப்பு சிறிய விஷயம்போலத் தோன்றும். ஆனால் அதனால் கெட்டுப்போன நேரலைகளைப் பார்த்திருக்கிறேன். பந்தல்காரர்கள் அழகுக்காக விரிக்கும் பளபளப்பான துணி, கணினியின் அடிப்பக்கத் துளைகளை அடைத்துவிடும். துணியை அகற்றிவிட்டு, இரண்டு ரீப்பர் கட்டைகளை இணையாக வைத்து, அவற்றின் மேல் கணினியை வையுங்கள். தோளில் மாட்டும் உறையையும் திணிப்பு வைத்த கவரையும் அன்று கழற்றிவிட வேண்டும். ஃபேன் இல்லாத ரக்கட் வகையானால், அடியில் தடிமனான அலுமினியத் தட்டு ஒன்று உடலோடு நன்றாகப் படியும்படி இருப்பது உதவும், ஏனெனில் அங்கே உடல்தான் சூட்டை இறக்கும் கருவி.

அடுத்தது காற்று. மெல்லிய தாளைக் கிழித்து, கணினி ஓடும்போது ஒவ்வொரு துளையின் அருகிலும் பிடித்துப் பாருங்கள்: தாள் ஒட்டிக்கொள்ளும் இடம் காற்று உள்ளே போகும் வழி, தாள் படபடக்கும் இடம் சூடு வெளியேறும் வழி. வெளி ஃபேன் முதலாவதன் பக்கமிருந்து வீச வேண்டும். வெளியேறும் வழியை எதிர்த்து வீசினால் உள்ளிருக்கும் ஃபேனின் உழைப்பு வீணாகி நிலைமை மோசமாகும். அடிப்பக்கத்தில் துளையே இல்லாத கணினிக்கு, கடைகளில் விற்கும் கூலிங் பேட் அதிகம் பயன்படாது; அதைவிட, உடலின் பின்புறத்தை வருடிச் செல்லும்படி பக்கவாட்டில் வைத்த 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றோ சிறிய டேபிள் ஃபேனோ மேலானது. காற்றே 40 டிகிரியில் அனலாக இருக்கும்போது ஃபேன் என்ன செய்யும் என்று சிலர் கேட்பதுண்டு. உள்ளிருக்கும் சில்லு 90 டிகிரியில் இருக்கிறது. அதற்கு 40 டிகிரிக் காற்றும் குளிர்ந்த காற்றுதான். கேமராப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு, பதிவைச் சேமிக்கும் வெளி எஸ்எஸ்டி, மின் அடாப்டர் ஆகிய மூன்றும் கணிசமாகச் சூடாகும் என்பதால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் அதே காற்றோட்டத்தில் பரப்பி வையுங்கள்.

பனிக்கட்டி வைப்பதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பதற்றத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கோடையில் சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் துளிர்க்கும். பனி வைத்த கணினியின் வெளியேயும் உள்ளேயும் அதுவே நடக்கும். தூசியும் நீர்த்தாரையும் புகாது என்று சொல்லும் ஐபி65 முத்திரை இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள இயலாது: அந்தப் பாதுகாப்பு, போர்ட்களின் மூடிகள் எல்லாம் மூடியிருக்கும்போது மட்டுமே செல்லும். நேரலையின்போது எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, லேன், மின்சாரம் என்று மூடிகள் திறந்தே இருக்கின்றன. நீர்த்தூவி ஃபேன்களையும் இதே காரணத்திற்காகத் தள்ளி வையுங்கள். காற்று வறண்டிருக்கும் மதுரை, சிவகங்கை போன்ற உள் மாவட்டங்களில், காற்று வரும் திசையில் பத்தடி தள்ளி ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிடுவது நல்ல பலன் தரும். ராமேஸ்வரத்தில் அதே சாக்கு புழுக்கத்தைத்தான் கூட்டும்.

இவ்வளவும் செய்தபின், கணினி உண்டாக்கும் சூட்டையே குறைக்க வேண்டும். நேரலை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில், படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 என்கோடரைப் பயன்படுத்தினால் முழுப் பளுவும் பிராசஸர்மீது விழுகிறது. அந்த வேலையைச் சில்லிலுள்ள தனிப் பகுதியே செய்யும் இன்டெல் குயிக் சிங்க் அல்லது என்விடியா என்வென்க் இருந்தால் அதற்கு மாறுவது மிகப் பெரிய நிவாரணம். கோயில் விழாவுக்கு 1080பி அளவில் நொடிக்கு 30 ஃபிரேம் போதும். மஞ்சுவிரட்டு போன்ற வேகமான நிகழ்ச்சிக்குத்தான் 60 பற்றி யோசிக்க வேண்டும். விண்டோஸ் மின்சார அமைப்பில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால், பெரும்பாலான இன்டெல் கணினிகளில் பிராசஸர் தேவைப்படும்போது தானே கூட்டிக்கொள்ளும் டர்போ வேகம் நின்றுவிடும். வேகம் சற்றுக் குறைந்தாலும் சூடு வெகுவாக இறங்கும் என்பதால், நீண்ட நிகழ்ச்சிகளுக்கு இதை நான் விரும்பிச் செய்கிறேன். பேட்டரியை முந்தைய இரவே நிரப்பிவிடுங்கள்; சார்ஜ் ஏறுவதே சூடு தரும், 45 டிகிரிக்கு மேல் பல பேட்டரிகள் சார்ஜை ஏற்பதும் இல்லை.

ஒத்திகையை அதே வெயில் நேரத்தில், குறைந்தது ஒரு மணி நேரம் நடத்துங்கள். ஐந்து நிமிடச் சோதனை ஏமாற்றும், ஏனெனில் உலோக உடல் முழுவதும் சூடேறி நிலைகொள்ள அரை மணி நேரம் வரை ஆகலாம். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் பிராசஸர் வெப்பநிலையைப் பாருங்கள்: 85 டிகிரிக்குள் நின்றால் கவலையில்லை, 90 தாண்டினால் காற்றையோ நிழலையோ கூட்ட வேண்டும், 95 தொட்டால் பளுவைக் குறைத்தே ஆக வேண்டும். பல பிராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டித் தம் வேகத்தைத் தாமே வெட்டிக்கொள்கின்றன. ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரச் சாளரத்தில், என்கோடிங் தாமதத்தால் தவறிய ஃபிரேம்களும், நெட்வொர்க்கில் விடுபட்ட ஃபிரேம்களும் தனித்தனி வரிகளில் காட்டப்படும். முதல் வரி ஏறினால் பளுவையும் சூட்டையும் பாருங்கள். இரண்டாவது ஏறினால் மட்டுமே சிம் கார்டை. அன்று அந்த இரண்டு வரிகளைப் படிக்கத் தெரிந்திருந்தால், கலசத்தில் நீர் விழுந்த காட்சி எங்கள் கையைவிட்டுப் போயிருக்காது.

நேரலையின் நடுவே சூடு ஏறிவிட்டால், ஓபிஎஸ்ஸில் ஒளிபரப்பை நிறுத்தாமல் தெளிவளவை மாற்ற இயலாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதனால் 720பி, 30 ஃபிரேம் கொண்ட மாற்று அமைப்புத் தொகுப்பு (புரொஃபைல்) ஒன்றை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். நிறுத்தாமல் செய்யக்கூடியவை, முன்னோட்டத் திரையை அணைப்பது, அசையும் எழுத்துப் பட்டைகளையும் இணையப் பக்கங்களைத் திரையில் காட்டும் பிரவுசர் சோர்ஸ்களையும் எடுத்துவிடுவது, கேமராவிலேயே பதிவு ஓடிக்கொண்டிருந்தால் கணினிப் பதிவை நிறுத்துவது ஆகியவை.

விழா முடிந்ததும் சூடான கணினியை உடனே பையில் திணித்து, வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிடாதீர்கள். மூடிய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை நெருங்கும், அது பேட்டரியின் ஆயுளைத் தின்றுவிடும். ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, வேலை எதுவும் கொடுக்காமல் பத்து நிமிடம் ஃபேனை ஓடவிட்டு, உடல் கைக்குப் பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அணைத்து, துளைகளில் படிந்த செம்மண் தூசியைத் தூரிகையால் தட்டி எடுத்து, போர்ட் மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடிய பிறகே பையை எடுங்கள்.