எல்லாம் கி.பி. 70-இலேயே முடிந்துவிட்டதா? நிறைவேறிய தீர்க்கதரிசனங்களைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துச் சபைகளில் கடைசிக் காலத்தைப் பற்றிய போதனைக்கு நெடுங்காலமாக ஏறத்தாழ ஒரே வார்ப்புதான்: இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், அந்திக்கிறிஸ்து, அதன்பின் ஆயிரவருட அரசாட்சி. கன்வென்ஷன் பந்தலில் துணியில் எழுதித் தொங்கவிட்ட படத்தைக் கோலால் தொட்டுத் தொட்டுப் பிரசங்கியார் விளக்குவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு நேர் எதிரான விளக்கம் ஒன்று இப்போது கைப்பேசி வழியாக வாலிபர் கூட்டங்களுக்குள் நுழைந்திருக்கிறது. மத்தேயு 24-ஆம் அதிகாரமும் வெளிப்படுத்தின விசேஷமும் இனி நடக்கப்போவதைப் பற்றியவை அல்ல, ரோமர் எருசலேமை அழித்த கி.பி. 70-ஆம் ஆண்டோடு அவை நிறைவேறிவிட்டன என்பது அதன் சாரம். இறையியல் படித்தவர்கள் இதைப் பிரீட்டரிசம் என்பார்கள். இதைத் துர்உபதேசம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இதைக் கேட்ட மறுநாளே வேதம் முழுவதும் விளங்கிவிட்டதாகப் பேசுகிறவர்களோடும் உடன்பாடில்லை. ஒவ்வொரு தீர்க்கதரிசனத்தையும் தனித்தனியே எடுத்து, அதற்கு வரலாற்றில் உள்ள சான்று எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்ய வேண்டியதை, மொத்தமாக ஏற்பதோ மொத்தமாக மறுப்பதோதான் இதில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

இந்த விளக்கத்தின் வலுவான பகுதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்று இயேசு சொன்னது தமக்கு முன்னால் நின்றவர்களிடம். எருசலேம் சேனைகளால் சூழப்படுவதைக் காணும்போது அதன் அழிவு சமீபமாயிற்று என்று அறியுங்கள், யூதேயாவிலிருப்பவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகட்டும் என்று லூக்கா 21 சொல்வதை, வேலூரிலோ சென்னையிலோ இருக்கிற ஒருவருக்கு நேரடியாகச் சொல்லப்பட்டதாக எடுத்துக்கொள்வது கடினம். கி.பி. 66-இல் யூதர்களின் கலகம் வெடித்தது. சீரியாவின் ஆளுநர் செஸ்டியஸ் காலஸ் படையோடு வந்து எருசலேமைத் தாக்கி, பிறகு திடீரென்று பின்வாங்கி, பெத்தொரோன் கணவாயில் பெருந்தோல்வி கண்டார். 70-இல் பஸ்கா காலத்தில் ரோமத் தளபதி தீத்து நகரத்தை முற்றுகையிட்டார். அந்த ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் ஆலயம் எரிந்தது. எருசலேமின் கிறிஸ்தவர்கள் போருக்கு முன்பே யோர்தானுக்கு அப்பாலுள்ள பெல்லா நகருக்குப் போய்விட்டார்கள் என்று நான்காம் நூற்றாண்டில் சபை வரலாற்றாளர் யூசேபியஸ் எழுதுகிறார். ஆகவே இயேசு சொன்னவற்றில் ஒரு பகுதி அந்தத் தலைமுறையிலேயே நடந்தேறியது என்பதில் ஐயப்பட இடமில்லை. "இது எங்கள் சபையின் உபதேசம் அல்ல" என்பதற்காக இதை மறைத்துப் போதிப்பதும் ஒரு தவறுதான்.

அந்த ஒரு பகுதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முடிந்த கணக்கில் எழுதிவிடுவது அடுத்த தவறு. மத்தேயு 24-இன் மூன்றாம் வசனத்தில் சீஷர்கள் கேட்டது ஒரே கேள்வி அல்ல. ஆலயம் எப்போது இடிக்கப்படும் என்பதும், உம்முடைய வருகைக்கும் உலகத்தின் முடிவுக்கும் அடையாளம் என்ன என்பதும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அவர்கள் மனத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் பதிலில் "இவைகள்" என்று இயேசு சுட்டுகிற நிகழ்ச்சிகளுக்கு அடையாளங்களும் எச்சரிக்கைகளும் தரப்படுகின்றன. 36-ஆம் வசனத்தில் "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பற்றிப் பேச்சு திரும்பும்போதோ, பிதா ஒருவர் தவிர வேறொருவரும் அறியார் என்று வருகிறது. ஓடிப்போவதற்கு அடையாளம் சொல்லப்பட்ட நாளும், யாருக்கும் தெரியாத நாளும் ஒன்றுதான் என்று வாதிடுகிறவர், அதை மேலும் விளக்கக் கடமைப்பட்டவர்.

முழுவதும் முடிந்துவிட்டது என்னும் கட்சிக்கு, மரித்தோரின் உயிர்த்தெழுதலும் ஏதோ ஒரு ஆவிக்குரிய பொருளில் 70-இலேயே நடந்துவிட்டது என்று சொல்லியாக வேண்டிய நெருக்கடி வருகிறது. உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று சொன்ன இமெனேயையும் பிலேத்துவையும் பவுல் 2 தீமோத்தேயு 2-ஆம் அதிகாரத்தில் பெயர் சொல்லிக் கண்டிப்பதை அவர்கள் எளிதாகக் கடந்துபோகிறார்கள். பவுல் எழுதியது 70-க்கு முன், ஆகவே அப்போதைக்குத்தான் அது தவறான போதனை என்பது அவர்களின் பதில். ஆனால் 1 கொரிந்தியர் 15 கிறிஸ்துவின் உடல் எழுந்ததை முதற்பலன் என்கிறது. முதற்பலன் உடலாக இருக்க, அறுவடை மட்டும் உருவகமாக இருப்பது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும் ஒருவர், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்ற வரியில் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். பகுதி நிறைவேற்றம் என்னும் கருத்தும் முழு நிறைவேற்றம் என்னும் கருத்தும் ஒரே பெயரில் உலவுவதால், முன்னதை நம்பி உள்ளே போகிற இளைஞர் பின்னதில் போய் நிற்கிறார். எது எது என்று முதலிலேயே பிரித்துக் கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவதாக, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாளர் யோசேபஸை ஐந்தாம் சுவிசேஷம்போல் வாசிக்கும் பழக்கம். முற்றுகையின் பசி, உட்கட்சிச் சண்டை, ஆலயத்தின் தீ ஆகியவற்றுக்கு நம்மிடமுள்ள முதன்மையான சாட்சி அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் யார்? கலிலேயாவில் ரோமரை எதிர்த்த யூதப் படைத்தலைவராயிருந்து, 67-இல் யோத்தபாத்தாவில் சரணடைந்து, தீத்துவின் தகப்பனாகிய தளபதி வெஸ்பாசியன் பேரரசராவார் என்று முன்னுரைத்து உயிர் பிழைத்து, பின்னர் அந்தக் குடும்பத்தின் ஆதரவிலேயே ரோமில் அமர்ந்து எழுதியவர். 1806 ஜூலை 10-ஆம் தேதி நம் கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்களின் கிளர்ச்சியை, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அதை அடக்கிய கில்லஸ்பியின் தரப்பு எழுதிவைத்த தாள்களை மட்டும் படித்து யாராவது விளக்கினால் வேலூர்க்காரர்கள் எத்தனை கேள்வி கேட்பார்களோ, அத்தனை கேள்வியை யோசேபஸிடமும் கேட்க வேண்டும். முற்றுகையில் 11 லட்சம் பேர் இறந்தார்கள், போரில் 97,000 பேர் சிறைப்பட்டார்கள் என்கிறார் அவர். ரோம வரலாற்றாளர் டாசிட்டஸோ, முற்றுகைக்குள் அகப்பட்டவர்களே மொத்தம் 6 லட்சம் பேர் என்று தாம் கேள்விப்பட்டதை எழுதுகிறார். அந்தக் காலத்து நகரத்தின் அளவுக்கு இரண்டுமே மிகை என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

இதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் பகுதி ஒன்று உண்டு. போருக்கு முன் சூரியன் மறையும் வேளையில் மேகங்களுக்கிடையே இரதங்களும் ஆயுதந்தரித்த படைகளும் ஓடியதைப் பலர் கண்டதாக யோசேபஸ் எழுதுகிறார். மனுஷகுமாரன் மேகங்கள்மேல் வருவதாகச் சொன்னது இதுதான் என்று காணொளிகளில் முழங்குகிறார்கள். அதே பட்டியலில், பலியிடக் கொண்டுவரப்பட்ட பசு ஒன்று ஆலய வளாகத்துக்குள் ஆட்டுக்குட்டி ஈன்றது என்றும் இருக்கிறது. அதை மட்டும் ஒருவரும் வாசிப்பதில்லை. பழங்கால வரலாற்றாளர்கள் ஒரு நகரத்தின் வீழ்ச்சியை எழுதும்போது இப்படிப்பட்ட அபசகுனங்களை அடுக்குவது வழக்கம். அதில் வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டு வேண்டாததை விட்டுவிடுவது ஆராய்ச்சி ஆகாது.

வெளிப்படுத்தின விசேஷம் எப்போது எழுதப்பட்டது என்பதில் நடக்கும் தவறு இன்னும் நுட்பமானது. அந்தப் புத்தகம் முழுவதும் கி.பி. 70-ஐ முன்னறிவிக்கிறது என்றால், அது அதற்கு முன்பே, அதாவது 68-இல் இறந்த ரோமப் பேரரசர் நீரோவின் காலத்தை ஒட்டி, எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஏறத்தாழ கி.பி. 180-இல் எழுதிய சபைப் பிதா ஐரேனியஸ், பேரரசர் டொமிஷியன் ஆட்சியின் முடிவில் அந்தத் தரிசனம் காணப்பட்டது என்கிறார். டொமிஷியன் ஆண்டது 81 முதல் 96 வரை. ஐரேனியஸ் தவறியிருக்கலாம்; முந்தைய காலத்தை ஆதரிக்கும் அறிஞர்களும் உண்டு. ஆனால் "இது 70-ஐப் பற்றியது, ஆகவே 70-க்கு முன் எழுதப்பட்டது" என்று தொடங்கி, "70-க்கு முன் எழுதப்பட்டது, ஆகவே 70-ஐப் பற்றியது" என்று முடிப்பது ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுதான். ஆலயத்தை அளந்துபார் என்று 11-ஆம் அதிகாரத்தில் சொல்லப்படுவதால் ஆலயம் அப்போது நின்றுகொண்டிருந்தது என்று வாதிடுகிறார்கள். எசேக்கியேல் 40-ஐத் திறந்து பார்த்தால், நகரம் அழிக்கப்பட்ட பதினாலாம் வருஷத்தில், இடிந்துபோன பிறகு, தரிசனத்தில் ஆலயம் கோல்பிடித்து அளக்கப்படுகிறது. அளந்ததால் கட்டடம் இருந்தது என்று அங்கே யாரும் சொல்வதில்லையே.

வெளிப்படுத்தின விசேஷம் 13-இல் மிருகத்தின் எண்ணாக வரும் 666-க்கு வருவோம். நீரோ இராயன் (நீரோ சீசர்) என்பதை எபிரெய எழுத்துகளில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணைக் கூட்டினால் கணக்கு வந்துவிடுகிறது: நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. பெயரின் இறுதியிலுள்ள நூனை விட்டுவிட்டால் 616 கிடைக்கும். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் உண்மையாகவே 616 என்றுதான் இருக்கிறது. பார்கோடு, ஆதார் எண், தடுப்பூசி என்று ஒவ்வொன்றாக மிருகத்தின் முத்திரையாக்கிப் பயமுறுத்திய நம் ஊர்ப் பேச்சுகளைவிட இது ஆயிரம் மடங்கு கௌரவமான கணக்கு. ஆயினும் இதை இறுதித் தீர்ப்பாக்கக் கூடாது. கிரேக்கத்தில் எழுதப்பட்ட நூலின் எண்ணுக்கு எபிரெயத்தில் விடை தேட வேண்டியிருக்கிறது. 616 என்ற பாடபேதத்தை அறிந்திருந்து, பல பெயர்களைப் போட்டுக் கூட்டிப் பார்த்த ஐரேனியஸ், நீரோவின் பெயரைச் சொல்லவே இல்லை. மிக நல்ல ஊகம் என்பதே இதற்கு ஏற்ற மதிப்பு.

வானத்து அடையாளங்களைப் பற்றிய விளக்கத்தில் இரு தரப்பும் அளவு மீறுகின்றன. ஏசாயா 13-இல் நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் இருண்டுபோவது பாபிலோனுக்கு எதிரான பாரம்; மேதியர் அந்த அதிகாரத்திலேயே பெயரிடப்படுகிறார்கள்; கி.மு. 539-இல் பாபிலோன் பெர்சிய அரசன் கோரேசிடம் வீழ்ந்தபோது சூரியன் அணைந்துபோகவில்லை. ஏசாயா 19-இல் கர்த்தர் மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருகிறார். ஆகவே ஒரு அரசின் வீழ்ச்சியை வானம் குலுங்குவதாகப் பாடுவது தீர்க்கதரிசிகளின் மரபு என்று சொல்வது சரியே. அதிலிருந்து, மேகம் என்று வருகிற இடமெல்லாம் பாட்டுதான் என்று முடிவுகட்டினால், அப்போஸ்தலர் 1-இல் சீஷர்கள் கண்ணெதிரே மேகம் அவரை எடுத்துக்கொண்டதையும், அவ்விதமாகவே திரும்ப வருவார் என்று வெண்வஸ்திரந்தரித்து அங்கே நின்ற இரண்டுபேர் சொன்னதையும் என்ன செய்வது? பாடலாக எழுதப்பட்டதைப் பாடலாகவும் நிகழ்ச்சியாக எழுதப்பட்டதை நிகழ்ச்சியாகவும் வாசிக்க வேண்டும்.

தானியேலுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாக நேரம் ஒதுக்கலாம். நம் சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகளில் உள்ள வேதாகமத்தில் மக்கபேயர் ஆகமங்கள் இல்லாததால், மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே ஒன்றுமே நடக்கவில்லை என்ற நினைப்பு நமக்குள் ஊறிவிட்டது. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கரின் திருவிவிலியத்தைக் கேட்டு வாங்கி, 1 மக்கபேயரின் முதல் நான்கு அதிகாரங்களை ஒரு மாலையில் படித்துவிடலாம். கி.மு. 167-இல் சீரியாவின் அரசன் நான்காம் அந்தியோக்கஸ் எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தியதும், 164-இல் யூதா மக்கபே அதைச் சுத்திகரித்ததும் அங்கே இருக்கின்றன. தானியேல் 8-உம் 11-இன் பெரும்பகுதியும் அந்த நாட்களோடு வரிக்கு வரி பொருந்துவது வியப்பூட்டும். பொருந்தாத இடத்திலும் பொருந்துவதாகச் சொல்வதுதான் தவறு. 11-இன் கடைசி வசனத்தில் அந்த அரசன் சமுத்திரங்களுக்கு இடையே, சிங்காரமான பரிசுத்த பர்வதத்தண்டையில் கூடாரம் போட்டு முடிவடைகிறான். அந்தியோக்கஸ் இறந்ததோ தொலைவிலுள்ள பெர்சியாவில்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுவே எல்லாவற்றிலும் கனமான வாதமாகத் தோன்றுகிறது. அந்தியோக்கஸோடு நிறைவேறிவிட்டதாக யூதர்கள் ஆண்டுதோறும் பண்டிகை கொண்டாடிவந்த, தானியேல் சொன்ன அதே பாழாக்குகிற அருவருப்பை, ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழித்து, இனி நீங்கள் காணப்போகிறதாக இயேசு தம் சீஷர்களிடம் சொன்னார். அப்படியானால் ஒரு தீர்க்கதரிசனம் வரலாற்றில் ஒருமுறை நிறைவேறியது என்று காட்டிவிட்டாலே அதன் வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது என்பதற்கு அவருடைய வாசிப்பே சான்று. 70-ஐக் காட்டி கதவைச் சாத்துகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த விளக்கத்தின் பிறப்பைப் பற்றியும் இரு தரப்பிலும் தவறான செய்திகள் உலவுகின்றன. ஆதி சபை முழுவதும் இதைத்தான் நம்பியது என்பது சரியல்ல. வெளிப்படுத்தின விசேஷத்தின் பெரும்பகுதியைப் பழங்கால நிகழ்ச்சிகளாக முறைப்படி விளக்கிய முதல் பெருநூல், ஸ்பெயினின் இயேசு சபைத் துறவி லூயிஸ் தெ அல்காசர் எழுதி, அவர் இறந்தபின் 1614-இல் வெளிவந்ததுதான். அதற்காக இது முழுக்க முழுக்கக் கத்தோலிக்கச் சூழ்ச்சி என்று மேடையில் முழங்குவதும் சரியல்ல. எருசலேமின் அழிவில் இயேசுவின் வார்த்தை நிறைவேறியது என்று யூசேபியஸ் அதற்கு 1,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். யார் கண்டுபிடித்தார் என்பதைக் கொண்டு ஒரு விளக்கத்தின் மெய் பொய்யைத் தீர்ப்பது நம் சபைகளில் பழகிப்போன குறுக்குவழி.

கடைசியாக, வாலிபர் கூட்டங்களில் இதைப் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. கி.பி. 70-ஐ யூத இனம் முழுவதற்கும் கிடைத்த தண்டனையாகச் சித்திரித்து, அதில் ஒருவித மனநிறைவோடு பேசுவதைக் கேட்க முடிகிறது. அந்த வகைப் பேச்சு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக யூதர்களைத் துரத்துவதற்கும் கொல்வதற்கும் துணைபோயிருக்கிறது. வசனமே அதற்கு இடம் தரவில்லை. லூக்கா 19-இல் அந்த நகரத்துக்கு வரப்போகிற முற்றுகையை முன்னறிவிக்கும் இயேசு, அதைப் பார்த்துக் கண்ணீர்விட்டு அழுகிறார். அவர் யூதர், அதைக் கேட்ட சீஷர்கள் யூதர்கள், பெல்லாவுக்குத் தப்பிப்போன சபையும் பெரும்பாலும் யூதர்களின் சபையே.