அம்மாவின் தட்டில் மீண்டும் பருப்பு

பல்செட் தளர்ந்ததிலிருந்து 78 வயதான என் அம்மா காய்களை ஒதுக்கிவிட்டு, மூன்று வேளையும் ரசம் சோற்றோடு நிறுத்திக்கொண்டார்; மலச்சிக்கலும் சோர்வும் சேர்ந்துகொண்டன. பசியில்லை என்று நான் நினைத்தது தவறு. மெல்ல முடியாததுதான் காரணம் என்பது, தட்டோரத்தில் அவர் சப்பிப் போட்டிருந்த பீன்ஸ் நார்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

அன்று முதல், கால் டம்ளர் கோதுமை ரவையையும் அதே அளவு பாசிப்பருப்பையும் வாசம் வர வறுத்து, துருவிய சுரைக்காய், இஞ்சி, மஞ்சள்தூளுடன் இரண்டரை டம்ளர் நீர் விட்டு, குக்கரில் 5 விசில் வரும்வரை குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, பொடித்த மிளகு சீரகத்தை நெய்யில் தாளித்துச் சேர்க்கிறேன். 50 கிராம் பாசிப்பருப்பில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் இருக்கிறது. வெறும் ரசத்தில் அது கிடைக்காது. இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைக் குறைத்து, எலுமிச்சைச் சாறு பிழிகிறேன். கீரையையும் கடைந்தே தருகிறேன்.

மூன்றாம் வாரம் மலச்சிக்கல் தணிந்தது. நேற்று கிண்ணத்தை விரலால் வழித்துவிட்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்டார்.