கடல்நீரில் நிற்கும் எஃகை பாக்டீரியா அரிக்காமல் காப்பது எப்படி

கடலில் நிற்கும் எஃகு துருப்பிடிக்கும், அது தெரிந்த விஷயம்தான். ஆனால் வருடத்துக்கு 0.1 மி.மீ. போலத் தேய வேண்டிய தகடு ஒரே இடத்தில் மட்டும் 0.5 மி.மீ., சில சமயம் 1 மி.மீ.க்கு மேல்கூடக் குழி விழுந்து போகிறது என்றால், உப்பை மட்டும் குறை சொல்லிவிட்டு மேலே இன்னொரு கோட் பெயிண்ட் அடிக்காதீர்கள். பாக்டீரியா உள்ளே குடியேறியிருக்கலாம்.

இதில் பெரிய ஆள், சல்பேட்டை வைத்து வாழும் பாக்டீரியா. கடல்நீரில் லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்கு சல்பேட் இருப்பதால் அதற்குத் தீனிப் பஞ்சமே கிடையாது, வேண்டியதெல்லாம் ஆக்சிஜன் இல்லாத ஒரு மூலை. அந்த மூலையை மற்ற நுண்ணுயிர்களே உண்டாக்கித் தருகின்றன: எஃகின் மேல் படியும் வழவழப்பான படலத்தில் மேல் அடுக்கில் இருப்பவை ஆக்சிஜனைத் தீர்த்துவிட, அடியில் இவை வளர்ந்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அது இரும்போடு சேர்ந்து கருப்பு நிற இரும்பு சல்பைடு ஆகிறது, அந்தக் கருப்புப் படிவு பக்கத்தில் இருக்கும் வெறும் எஃகை இன்னும் வேகமாக அரிக்க வைக்கிறது. அதனால்தான் தண்ணீர் நன்றாக ஓடும் இடத்தில்கூட ஒரு கொட்டலசுக்கு (கப்பலிலும் தூணிலும் ஒட்டிக்கொள்ளும் ஓடுள்ள கடல் உயிரி) அடியில் குழி விழுகிறது.

கண்டுபிடிக்கச் சுரண்டிப் பார்த்தாலே போதும். மேலே ஆரஞ்சு நிறத்தில் திட்டாகப் பூத்திருக்கும், அதற்கு அடியில் கருப்புச் சேறு, அதையும் துடைத்தால் பளபளப்பான எஃகும் கிண்ணம் போன்ற குழியும். துறைமுகத் தூண்களிலும் தகட்டுச் சுவர்களிலும் நீர் மிகவும் வற்றும் மட்டத்தை ஒட்டியே இது அதிகம் வரும், அதனால் வற்றம் முழுதாக இறங்கிய நேரத்தில் போய்ப் பாருங்கள். கருப்புப் படிவில் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அழுகிய முட்டை நாற்றம் வரும். இந்தச் சோதனையைத் திறந்தவெளியில், துளியளவு படிவில் மட்டும் செய்யுங்கள், தொட்டிக்குள் வேண்டவே வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் வாயு, அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது.

சரி, சிகிச்சை. முதல் ஆசை மருந்து ஊற்றுவதுதான், பிளீச்சோ வேறு கிருமிநாசினியோ. திறந்த கடலில் அது கரைந்து போய்விடும். மூடிய தொட்டியில்கூட படலத்தின் மேல்தோலைத்தான் கொல்லும், அடியில் இருப்பவை தப்பித்து மறுபடி பெருகும். முதலில் சுரண்டி, உயர் அழுத்தத்தில் நல்ல தண்ணீரால் கழுவி, படிவு முழுவதையும் எடுத்துவிட வேண்டும், மருந்து என்று ஒன்று வேண்டுமானால் அதற்கு அப்புறம்தான்.

கழுவிய பிறகு பிளாஸ்டிங், அதாவது சொரசொரப்பான துகள்களை வேகமாக அடித்துத் துருவை எடுப்பது, எஸ்ஏ 2½ தரத்துக்கு (கிட்டத்தட்ட வெறும் எஃகு தெரியும் அளவு சுத்தம்). நான் பார்த்தவரை பெயிண்ட் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், டப்பாவுக்குள் இருப்பதால் அல்ல. குழிகளுக்குள் உப்பு தங்கியிருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த எபாக்சி பெயிண்டும் கொப்புளித்துக் கிளம்பும், கொப்புளத்துக்கு அடியில் பாக்டீரியாவுக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே பிளாஸ்டிங் முடிந்ததும் உப்பு அளவைச் சோதியுங்கள், இருந்தால் மறுபடி கழுவி மறுபடி பிளாஸ்ட் செய்யுங்கள், இதில் சோம்பல் கூடாது. பெயிண்ட் அடிக்கும்போது எஃகின் வெப்பம் பனிபடும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாகவும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள்ளும் இருக்கட்டும். வெல்டிங், விளிம்பு, போல்ட் எல்லாவற்றுக்கும் முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட். கொட்டலசு ஒட்டாமல் இருக்கத் தாமிரம் கலந்த பெயிண்ட் போடுவதாக இருந்தால், நடுவில் முழுமையான எபாக்சி தடுப்பு இல்லாமல் எஃகின் மேல் நேரடியாகப் பூசாதீர்கள், தாமிரம் எஃகையே தின்ன வைத்துவிடும்.

பெயிண்டோடு கூடவே பலி ஆனோடும் வேண்டும், அதாவது எஃகுக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் உலோகத் துண்டு. கடல்நீருக்கு ஜிங்க் அல்லது அலுமினிய ஆனோடு, மெக்னீசியம் வேண்டாம், அது நன்னீருக்கானது. வெள்ளி/வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை (எஃகின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் கருவி) மல்டிமீட்டரில் இணைத்து எஃகுக்குப் பக்கத்தில் நீரில் இறக்கி, மல்டிமீட்டரின் இன்னொரு முனையை வெறும் எஃகில் அழுத்தி அளந்தால், சாதாரணக் கடல்நீரில் மைனஸ் 0.80 வோல்ட் போதும். ஆனால் இந்த பாக்டீரியா இருக்கும் இடத்தில், முக்கியமாகச் சேற்றுக்குள் புதைந்த பகுதியில், மைனஸ் 0.90 வேண்டும், இந்த 0.10 வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. மைனஸ் 1.10ஐத் தாண்டவும் விடாதீர்கள், பெயிண்ட் உரியும், அதிக வலிமை கொண்ட எஃகு ஹைட்ரஜனால் நொறுங்கும். ஆனோடின் மேல் பெயிண்ட் பட்டால் அது வேலை செய்யாது, எஃகோடு உலோகத் தொடர்பு விட்டுப்போனாலும் அப்படித்தான்.

ஆனோடு துருவைத் தடுக்கும், உயிரினம் ஒட்டுவதைத் தடுக்காது. 1824இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் தாமிரத் தகட்டைக் காக்க இரும்புத் துண்டுகளை ஆனோடாகப் பொருத்தினார். தாமிரம் கரைவது நின்றது, ஆனால் அந்தக் கரைசல்தான் உயிரினங்களை விரட்டி வந்தது என்பதால் அடிப்பாகம் முழுக்கப் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டன. அப்புறம், நீருக்கு மேலே அலை தெறிக்கும் பகுதியில் ஆனோடு பயன்படாது, அங்கே கனமான பூச்சுதான் காவல்.

கடைசியாகத் தேங்கும் நீர். குழாயையோ தொட்டியையோ கடல்நீரால் அழுத்தச் சோதனை செய்துவிட்டு அப்படியே வாரக்கணக்கில் விட்டுவிடுவதுதான் பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்த நிலைமை. சோதனை முடிந்தவுடன் வடித்து, நல்ல தண்ணீரால் அலசி, காற்றடித்து உலர்த்துங்கள். ஸ்டெயின்லெஸ் ஆயிற்றே என்று விட்டுவிடவும் முடியாது, 316 குழாயில்கூடத் தேங்கிய கடல்நீர் வெல்டிங் ஓரத்தில் ஊசித் துளை போட்டுவிடும். வடிக்க வழியில்லாத, ஒரு முனை அடைத்த முட்டுக் குழாய் இருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் அதன் அடியில் ஒரு வடிகால் வால்வாவது வையுங்கள்.